அட்டமி முடியட்டும், டொக்டர்

இதை எழுதச் சொன்னது டொக்டர் நிரூபா. போன மாதம் கிளினிக்குக்குப் போனபோது, "ஐயா, அந்த ஒரு கிழமை நீங்கள் என்னைப் படுத்தின பாட்டை ஒருக்கா எழுதுங்கோ. மற்றத் தாய் தேப்பன்மாரும் வாசிக்கட்டும்" என்றார். எனக்கு வெங்காயம் நடத் தெரியும், எழுதத் தெரியாது என்றேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த என் மகள் ஆரணி விடவில்லை. "அப்பாக்கு நல்லாச் சாட்டுச் சொல்லத் தெரியும், அன்ரி. அதையே எழுதட்டும்" என்றாள். ஆகவே இது சாக்குப்போக்குச் சொல்கிற ஒரு சாட்டுக்காரன் எழுதுவது என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

நான் புத்தூரில் தோட்டம் செய்கிறவன். பன்னிரண்டு பரப்புச் செம்மண், ஒரு கிணறு, மனைவி வதனி, மகள் ஆரணி. இவற்றில் என் சொல் கேட்பது கிணறு ஒன்றுதான். அதுவும் மோட்டார் நல்லாயிருந்தால்.

ஆரணி ஒன்றரை வயதிலும் எழுந்து நிற்கவில்லை. இருத்திவிட்டால் இருப்பாள், வாய் திறந்தால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும், கால் மட்டும் ஊன்றாது. சோதித்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் ஒரு பெயர் சொன்னார்கள். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். முள்ளந்தண்டிலிருந்து தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. கட்டளை வராத தசை மெலிந்துவிடுகிறது. மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதற்கு எங்கள் வீட்டில் தினமும் சாட்சி கிடைக்கிறது.

இருமுவதற்கும் தசை வேண்டும் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. உங்களுக்கும் எனக்கும் தடிமன் வந்தால் இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போவோம். ஆரணிக்கு வந்தால் சளியை இருமித் துப்ப இயலாது. அது நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவாகிவிடும். பத்து வயதுக்குள் ஏழு முறை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தவள். ஏழு முறையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எட்டாவது முறை கொரோனாவின் இரண்டாவது வருடத்தில் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன், இன்னும் அங்கேதான் போய்வருகிறோம். ஒரு பிள்ளையோடு ஒரு ஆள்தான் நிற்கலாம் என்பது அந்த நாள் சட்டம். வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டி, "அம்மாவோ அப்பாவோ, ஆரெண்டு கெதியாச் சொல்லுங்கோ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வதனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தள்ளுவண்டியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த ஆரணி தலையைத் திருப்பி, "அப்பா, அந்த மாமாவோடை கொளுவாமல் வீட்டை போங்கோ" என்றாள். நான் அவரோடு ஒரு சண்டை கொளுவிவிட்டுத்தான் போனேன்.

அன்று பின்னேரம் டொக்டர் நிரூபா முதன்முதலாகப் போன் எடுத்தார். சின்ன வயது டொக்டர், நிதானமான குரல். கொரோனா இல்லை, ஆனால் இரண்டு பக்க நெஞ்சிலும் சளி என்றார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் வைத்து, காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு பெட்டியைப் பூட்டியிருக்கிறார்களாம். தொண்டைக்குள் குழாய் ஒன்றும் இல்லை, இடைக்கிடை கழற்றிவிட்டுக் கதைக்கலாம் என்றார். "கதைக்கிறாளோ?" என்று கேட்டேன். "நிப்பாட்டத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார் டொக்டர். அன்று எனக்குச் சோறு இறங்கியது.

வதனி போனில் வீடியோ போட்டுக் காட்டுவாள். வாட்டில் எல்லோரும் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு திரிந்தார்கள். ஆர் டொக்டர், ஆர் மிஸி, ஆர் கூட்டுகிற அம்மா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆரணிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. "நான் செருப்பைத்தான் பாக்கிறனான். நீலச் செருப்பு நிரூபா அன்ரி. கறுத்தச் சப்பாத்து பெரிய டொக்டர். வார் அறுந்த செருப்பு ஊசி போடுற மிஸி. அவ வந்தால் நான் உடனை நித்திரை."

வீட்டில் ஆரணியின் நெஞ்சைத் தட்டுவது என் வேலை. கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் தாளமாகத் தட்டினால் சளி இளகும். வதனிக்கு அது வராது. அவள் தட்டினால் தூசி தட்டியதுபோல் இருக்கும் என்பது ஆரணியின் கருத்து. ஆகவே நான் வீட்டிலிருந்து போனில் பாடம் நடத்தினேன். முதுகுக்குப் பதிலாக ஒரு வெங்காயச் சாக்கைக் கதிரையில் இருத்தி, போனை எதிரே சாய்த்து வைத்து, "இப்பிடி, இப்பிடி" என்று தட்டிக் காட்டினேன். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பெண்சாதி பிள்ளை இல்லாத கவலையில் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். வதனி இரண்டு நாளில் நன்றாகத் தட்டப் பழகிவிட்டாள். அந்தச் சாக்கு வெங்காயத்தில் பாதி நசிந்துபோனது வேறு கதை.

நாலாம் நாள், புதன்கிழமை மத்தியானம், டொக்டர் நிரூபா மறுபடி எடுத்தார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "ஐயா, உங்களோடை ஆறுதலா இருந்து ஒரு அரைமணித்தியாலம் கதைக்கோணும். வதனி அக்காவையும் இஞ்சை பக்கத்திலை இருத்திக்கொண்டு. இப்ப வசதியோ?"

தேத்தண்ணி குடிக்க நேரமில்லாத ஒரு டொக்டர் ஒரு தோட்டக்காரனுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குகிறார் என்றால் அது வெங்காய விலை கேட்க அல்ல. சுவரில் மணிக்கூடு பன்னிரண்டு பத்து காட்டியது. என் வாய் தானாகத் திறந்தது.

"டொக்டர், இப்ப ராகுகாலம்."

"ஓம், சரி. நான் பிறகு எடுக்கிறன்" என்றார்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆளே இல்லை. என் கிணறு கரிநாளில் வெட்டத் தொடங்கியது. அந்த வரிசையிலேயே நல்ல தண்ணீர் என் கிணற்றில்தான் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வதனியின் தகப்பனை, அதாவது என் மாமாவை, வதைத்திருக்கிறேன். மாமா பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர் வெட்டப் போகமாட்டார். அப்படிப்பட்ட வாயிலிருந்துதான் ராகுகாலம் வந்தது.

அடுத்த நாள் வியாழன். டொக்டர் இரண்டு மணிக்கு எடுத்தார். வியாழனில் ராகுகாலம் ஒன்றரைக்குத் தொடங்கும். வெள்ளி பதினொரு மணிக்கு எடுத்தார். வெள்ளியில் பத்தரைக்குத் தொடங்கும். பாவம், அந்த மனுசிக்கு வாட்டில் மூச்சுவிடக் கிடைத்த நேரமெல்லாம் ராகுவுக்குச் சொந்தமாக இருந்தது. நான் ராகுவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் ராகு ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான். அது போதாது என்று தெரிந்ததும் மாமாவிடம் போன் எடுத்துப் பஞ்சாங்கம் கேட்டேன். மாமா "இந்தா வாறன்" என்று போனை வைத்தார். பிறகு ஊரடங்கையும் பார்க்காமல் சைக்கிளில் வந்து, மாஸ்க்குக்கு மேலே கண் கலங்க, படலையில் நின்றபடி இரண்டு கையாலும் அதை நீட்டினார். "தம்பி, நீர் இப்பவாவது திருந்தினீரே." மகளைத் தாரைவார்த்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

எங்கள் யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். இரண்டும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன, ஆனால் ஒரு திதி முடிகிற நேரத்தில் இரண்டுக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும். ஒரு வீட்டில் விரதம் முடிந்து சாப்பிடும்போது அடுத்த வீட்டில் பட்டினி கிடப்பார்கள். மாமா வாக்கியக்காரர். இந்த வித்தியாசம் எனக்கு இவ்வளவு கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. ராகுகாலம் பத்தரைக்கே முடிந்திருந்தது. டொக்டர் கவனமாகத்தான் எடுத்திருக்கிறார்.

"இண்டைக்கு அட்டமி எல்லோ, டொக்டர். அட்டமி முடியட்டும்."

"அட்டமி காலமை எட்டேகாலுக்கே முடிஞ்சுது, ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

"நான் கரவெட்டி. எங்கடை வீட்டிலை திருக்கணிதம்."

"ஆ, அதுதான்! நாங்கள் வாக்கியம். எங்களுக்கு ரெண்டேகால் மட்டும் அட்டமி."

"அப்ப ரெண்டரைக்கு எடுக்கிறன்."

"அப்ப எமகண்டம், டொக்டர். அதுவும் மூண்டுக்கு முடிஞ்சாலும் பிறகு நவமி."

"நவமி எப்ப முடியும்?"

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு. நாலரை மட்டும் குளிகை, பிறகு ராகுகாலம்."

டொக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். அது கோபமா சிரிப்பா என்று மாஸ்க் போட்ட குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஐயா, எனக்கு உங்களோடை கதைக்கிறது முக்கியம். நான் விடமாட்டன்" என்றார். "நானும்" என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வதனி எடுத்தாள். வெளி விறாந்தையில் நின்று கதைக்கிறாள் என்று சத்தத்தில் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப இருந்து அட்டமி நவமி பாக்கத் தொடங்கினனீங்கள்?"

"ஏன், பாக்கக் கூடாதோ?"

"என்னோடை விளையாடாதேங்கோ. இவளுக்கு மூச்சு மோசமானால் உடனை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோவினமாம். தொண்டைக்குள்ளை குழாய் விட்டு மெஷினிலை போடுறது. கொரோனாவாலை அங்கை தாயையும் விடாயினம். அப்பிடிச் செய்யிறதோ வேண்டாமோ எண்டு எங்களைக் கேக்கினம். நாங்கள் வாய் திறக்காட்டில் அதுதான் நடக்கும். என்னாலை தனிய இருந்து இதைக் கேக்க ஏலாது. நீங்கள் போனிலையாவது என்னோடை இருக்கோணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். "சரி, பாப்பம்" என்று வைத்துவிட்டேன். ஆண்பிள்ளை என்று மீசை வைத்திருக்கிற எனக்கு அன்று என்னையே பிடிக்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. டொக்டர் அந்தச் சொல்லைச் சொல்லாதவரை அது நடக்காது என்று நான் நம்பினேன். காதைப் பொத்திக்கொண்டால் இடி விழாது என்று நினைக்கிற வயது எனக்கு நாற்பத்தாறில் வந்தது.

திங்கட்கிழமை என் ராசிக்குச் சந்திராட்டமம் என்றேன். அன்றைக்கு எதைப் பேசினாலும் வினையாக முடியுமாம், மாமாவின் புத்தகத்தில் இருந்தது. செவ்வாய், செவ்வாய்க்கிழமை என்றேன். அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, கரவெட்டியிலும் செவ்வாய் செவ்வாய்தான். அன்று டொக்டர் வாதாடவே இல்லை. "ஓம் ஐயா, விளங்குது" என்று வைத்துவிட்டார். ஆள் களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளும் ஆரணிக்குக் காய்ச்சல் ஏறி இறங்கியது. போன் அடிக்கிற ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குப் போன் அடித்தது. நான் கிணற்றடியில் பல்விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, நிரூபா கதைக்கிறன். இண்டைக்கு எமகண்டம் ஒன்பதுக்கு முடிஞ்சுது. குளிகை பத்தரைக்கு. ராகுகாலம் பன்னிரண்டுக்கு. திதி துவாதசி, உங்கடை வாக்கியப்படிதான் சொல்லுறன். உங்கடை ராசிக்குச் சந்திராட்டமம் நேற்றே விலகியிட்டுது. கரிநாளும் இல்லை. அமிர்தயோகம். எங்களுக்கு ஒரு மணித்தியாலம் இருபத்தைஞ்சு நிமிசம் இருக்கு. கதைப்பமோ?"

வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தை விரித்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. திருக்கணிதக்காரி வாக்கியத்தை என்னைவிடக் கரைத்துக் குடித்திருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல் திரும்பி வந்து கிணற்றுக்கட்டில் குந்தினேன்.

"ஓம்" என்றேன்.

வதனி அங்கே டொக்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். போன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைக்கப்பட்டது. குண்டைத் தூக்கிப் போடப்போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். டொக்டரோ என்னைக் கேள்வி கேட்டார்.

"முதல்லை நீங்கள் சொல்லுங்கோ, ஐயா. ஆரணியின்ரை இந்த நோய் வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன விளங்கியிருக்கு?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். சொல்லத் தொடங்கினேன். நரம்பு, தசை, சளி, நெஞ்சு தட்டுவது, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வரும்போது அவள் முந்தின முறையைவிடக் கொஞ்சம் குறைந்து வருவது, போன வருடம் கரண்டி பிடித்த கை இந்த வருடம் பிடிக்காதது. நடுவில் எங்கேயோ வெங்காயச் சாக்கும் வந்தது. கடைசியில், "அவள் கனகாலம் இருக்கமாட்டாள், டொக்டர்" என்று என் வாயே சொல்லிவிட்டது. ஒரு கிழமையாக எதைச் சொல்லிவிடுவார்கள் என்று ஓடித்திரிந்தேனோ, அதை நானே கிணற்றடியில் இடுப்பில் கட்டிய சாறத்தோடு இருந்து சொன்னேன்.

டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, "ஹலோ? ஹலோ?" என்றேன். "இருக்கிறன், ஐயா" என்றார். மறுபடி சத்தமில்லை. நான் மறுபடி "ஹலோ?" என்றேன். "இருக்கிறன். அவசரமில்லை" என்றார். பிறகுதான் விளங்கியது, எங்கள் இருவருக்கும் அழ நேரம் தருகிறார் என்று. அழுதோம். வதனி அங்கே, நான் இங்கே. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டினார். இந்த முறை பேசாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

பிறகு டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த முறை ஆரணி தப்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறார்களாம், ஆனால் நிச்சயமில்லை. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ காற்றுப்பெட்டி போதாமல் போகலாம். அப்போது தொண்டைக்குள் குழாய் விடலாம். ஆனால் இவளுடைய நெஞ்சில் அந்தக் குழாயைப் பிறகு எடுக்க இயலாமலே போகக்கூடும்.

"அப்ப வேண்டாம் எண்டால் சும்மா விட்டிடுவியளோ?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"இல்லை, ஐயா. அதைத்தான் விளங்கப்படுத்த ஒரு கிழமையா உங்களைத் துரத்துறன்" என்றார். "அதுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு எண்டு பேர். கைவிடுறது எண்டு அர்த்தமில்லை. சளிக்கு மருந்து குடுப்பம். காத்துப்பெட்டியும் இருக்கும். மூச்சுத் திணறினால், அந்தத் திணறல் அவளுக்குத் தெரியாமல் இருக்க மருந்து இருக்கு. நோகாமல், பயப்படாமல், உங்கடை கைக்குள்ளை வைச்சிருக்கிறது. அதை வீட்டிலையும் செய்யலாம், நான் போனிலை இருப்பன். இண்டைக்கே முடிவு சொல்லவேணும் எண்டில்லை. சொன்னாலும் பிறகு மாத்தலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு ஆகலும் பயம் எது?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "முகம் தெரியாத ஆக்களுக்கு நடுவிலை அவள் தனியக் கிடப்பாள், டொக்டர். அதுதான்."

"எனக்கும் உதுதான்" என்றாள் வதனி.

இந்த ஒரே பயத்தை ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இத்தனை வருடமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது. குழாய் வேண்டாம் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். சொன்னபிறகு நெஞ்சு இலேசாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

"ஆரணியைக் கேட்டனீங்களோ?" என்றார் டொக்டர்.

"ஐயோ, அவளுக்கு ஒண்டும் தெரியாது. தயவுசெய்து அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன் நான்.

டொக்டர் கேட்டார், "ஐயா, வாக்கியப்படி இண்டைக்கு இந்த நேரத்தைக் கண்டுபிடிச்சு எனக்குத் தந்தது ஆர் எண்டு நினைக்கிறியள்?"

நான் பதில் சொல்லமுன் ஏதோ கழற்றுகிற சத்தம் கேட்டது, மாஸ்க்காக இருக்கவேண்டும். பிறகு ஆரணியின் குரல், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"அப்பா, நான் அம்மப்பாவைப் போனிலை பிடிச்சனான். முழுப் பக்கமும் வாசிப்பிச்சனான். அம்மா எழுதினவ. நான்தான் கழிச்சுப் பாத்தனான். ஒரு கிழமையிலை உங்களுக்குச் சாட்டில்லாத நேரம் இதுதான்."

மாமா! செவ்வாய்க்கிழமை பின்னேரம் முழுக்க அவரின் போன் வேறு அழைப்பில் இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பஞ்சாங்கம் என்னிடம் இருந்தது, ஆனால் அவரிடம் போன வருடத்து, முந்தின வருடத்து, எல்லா வருடத்துப் பஞ்சாங்கமும் இருந்தன. இந்த வருடத்துக்கும் இரண்டு பிரதி வைத்திருக்கிறார். மருமகன் ஒருநாள் கேட்பான் என்று பன்னிரண்டு வருடமாக ஒரு பிரதி கூடுதலாக வாங்குகிறவராம்.

"அதோடை," என்றாள் ஆரணி, "கரிநாளிலை வெட்டின கிணத்துக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு எனக்கு நாள் பாக்கிறியள். வெக்கமில்லையோ?"

"பிள்ளை, நீ எல்லாத்தையும் கேட்டுக்கொண்டோ இருந்தனி?"

"நீங்கள் சொல்லாட்டில் நான் யோசிக்கமாட்டனெண்டு நினைச்சனீங்களோ? என்ரை நெஞ்சு என்னட்டைத்தானே இருக்கு." கொஞ்ச நேரம் பெட்டியில் மூச்சு வாங்கினாள். "அம்மா வராத இடத்துக்கு நான் போகமாட்டன். அவ்வளவுதான். நீங்களும் வரோணும். ஆனால் கொளுவக் கூடாது."

குளிகைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதையும் அவள்தான் சொன்னாள். அந்த இருபது நிமிடமும் நாங்கள் மூன்று பேரும் வீட்டு நாயைப் பற்றிக் கதைத்தோம். டொக்டர் போனை அவர்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த முறை அவள் தப்பிவிட்டாள். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் அதே காவலாளி. நான் அவளைத் தூக்கியபோது அவர் தானாக வந்து பையைப் பிடித்தார். நாங்கள் கொளுவவில்லை. ஆரணி அவரிடம், "அப்பா நல்லவர், பயத்திலைதான் கத்துறவர்" என்று விளக்கம் சொன்னாள். காவலாளிக்கு முன்னால் மானம் போனது, ஆனால் சொன்னது உண்மைதான்.

பஞ்சாங்கத்தை மாமாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்தார். "தம்பி, வருத்தக்காரருக்கு நாள் பாக்கிறேல்லை. அதை முதல் நாளே சொல்ல வெளிக்கிட்டனான். நீர் அவ்வளவு ஆசையா வாங்கினீர், எனக்கு மனம் வரேல்லை."

இப்போது ஆரணிக்குப் பதினொரு வயது. காற்றுப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. டொக்டர் நிரூபா கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பார். நான் முதல் மணியிலேயே தூக்கிவிடுகிறேன். மற்றத் தாய் தேப்பன்மாருக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: டொக்டர் ஆறுதலாகக் கதைக்கவேண்டும் என்றால் ஓடாதீர்கள். அவர்கள் சொல்லப்போவது உங்களுக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கும் தெரியும். தெரியாத மாதிரி மூன்று பேரும் மூன்று மூலையில் நடித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய களைப்பு.

போன வியாழக்கிழமை வெங்காயம் பிடுங்கி வந்து முற்றத்தில் குவித்து வைத்து, நானும் வதனியும் தாள் அரிந்துகொண்டிருந்தோம். ஆரணி மாமரத்துக்குக் கீழ் சக்கர நாற்காலியில் இருந்து மேற்பார்வை செய்தாள். ஒன்றுமில்லாத ஒரு நேரம்.

"அப்பா, நான் செத்துப்போனால் நீங்கள் அழுவியளோ?"

வதனியின் கத்தி நின்றுவிட்டது. என் கண் பழக்கதோஷத்தில் உள்ளே சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. இரண்டு மணி.

"ஓம், ராகுகாலம்தான்" என்றாள் ஆரணி. "பரவாயில்லை, சொல்லுங்கோ."

"அழுவன்."

"எவ்வளவு? ரெண்டு வெங்காயம் அரிஞ்ச அளவோ?"

"இந்தக் குவியல் முழுக்க அரிஞ்ச அளவு."

அவள் குவியலை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வதனியைப் பார்த்தாள். "அம்மா?"

"நான் அடுத்த போகத்தையும் சேத்து" என்றாள் வதனி.

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். "காணும், போதும்" என்றாள். "பிறகு ரெண்டு பேரும் எழும்பிச் சாப்பிடோணும். ஓமோ?"

"ஓம்" என்றேன். கண் மறைத்தது. கையைத் தூக்கினேன்.

"அப்பா, வெங்காயக் கையாலை கண்ணைத் துடையாதேங்கோ" என்றாள்.